31 பேருக்கு 31 லாகின்: மார்த்தாண்டத்து முந்திரி அலுவலகத்தில் டொமைன் சேவை

மார்த்தாண்டத்தில் தலைமை அலுவலகமும், கருங்கல், புதுக்கடை, அருமனை ஆகிய ஊர்களில் ஆலைகளும் உள்ள முந்திரிப்பருப்பு நிறுவனம் ஒன்றில் நிர்வாகப் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். எங்களிடம் 26 கணினிகள் உண்டு. அவற்றில் வேலை பார்ப்பவர்கள் 31 பேர். நாகர்கோவிலில் இயங்கும் ஒரு சிறிய கணினிச் சேவை நிறுவனத்தை அமர்த்தி, எல்லாக் கணினிகளையும் சர்வர் என்னும் ஒரே மையக் கணினியின் கீழ்க் கொண்டுவந்து (இப்படி இணைத்த தொகுப்பைத்தான் டொமைன் என்கிறார்கள்), ஒவ்வொருவருக்கும் தனி லாகின் கொடுத்து, யார் எதைத் திறக்கலாம், எதை நிறுவலாம், எதைத் தொடக்கூடாது என்று வரையறுத்துக்கொண்டோம். பதினான்கு மாதங்கள் ஆகின்றன. நல்லதும் குறையும் கலந்த அனுபவம் என்பதால் அந்தச் சேவை நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல், நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இந்த வேலையில் ஏன் இறங்கினோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதுவரை எங்கள் கணினிகள் அனைத்தும் ‘அட்மின்’ என்ற ஒரே பெயரில், ஒரே பாஸ்வேர்டில் திறந்துகொண்டிருந்தன. அந்தப் பாஸ்வேர்டு சில திரைகளின் ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டப்பட்டும் இருந்தது. ஆலைகளில் தோல் நீக்கும் பெண்களுக்கு எடைக்கணக்கில்தான் கூலி. ஒரு வாரம் புதுக்கடை ஆலையின் கூலிப் பட்டியலில் ஏழெட்டுப் பேரின் எடை, பதிவான பிறகு குறைக்கப்பட்டிருந்தது. யார் குறைத்தார்கள் என்று கணக்கு மென்பொருளின் திருத்தப் பதிவைப் பார்த்தால், அங்கேயும் ‘அட்மின்’ என்றுதான் இருந்தது. சந்தேகம், வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆகியிருந்த இளம்பெண்ணின் மேல் விழுந்தது. இரண்டு நாள் அவர் யாரிடமும் பேசாமல், மதியச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள்தான், தட்டின் எடையைக் கழிக்காமல் பதிந்துவிட்டதைத் தானே திருத்தியதாக மூத்த எழுத்தர் நினைவுகூர்ந்தார். திருத்தம் சரியானது, அதைச் செய்தவர் பெயர்தான் இல்லை. அந்தப் பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். தனி லாகின் என்பது ஊழியரைக் கண்காணிக்கும் ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். செய்யாத தவறிலிருந்து ஊழியரைக் காப்பதுதான் அதன் முதல் பயன் என்று அன்று எனக்குப் பட்டது.

சட்டத்தின் தேவையும் இருந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளில், கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான நிறுவனங்கள் கணக்கு மென்பொருள் வைத்திருந்தால், அதில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாகும் வசதி இருக்க வேண்டும், அதை நிறுத்தவும் கூடாது. வசதியை வாங்கி வைத்துவிட்டு எல்லாரும் ஒரே பெயரில் நுழைந்தால் அந்தப் பதிவுக்கு மதிப்பில்லை. விண்டோஸில் தனி லாகின் கொடுத்தால் மட்டும் இது தீர்ந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். டேலி போன்ற கணக்கு மென்பொருளின் உள்ளேயும் ஒவ்வொருவருக்கும் தனி யூசர் உருவாக்க வேண்டும். சேவை நிறுவனம் இதைத் தன் வேலையாகக் கருதவில்லை. நாங்கள் கேட்ட பிறகுதான் செய்து கொடுத்தது.

நேரமும் ஒத்து வந்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிய இருந்ததால் பழைய கணினிகளில் பாதியை எப்படியும் மாற்ற வேண்டியிருந்தது. புதிய கணினி வாங்குவோர் கவனிக்க வேண்டிய ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். கடையில் விலை குறைவாகக் கிடைக்கும் கணினிகளில் பெரும்பாலும் விண்டோஸின் ஹோம் பதிப்புதான் இருக்கும். ஹோம் பதிப்பை டொமைனில் சேர்க்க முடியாது, குரூப் பாலிசி என்னும் கட்டுப்பாட்டு விதிகளைத் திருத்தும் கருவியும் அதில் இல்லை. நாங்கள் முன்னதாக அவசரத்தில் வாங்கிய மூன்று கணினிகளுக்கு புரோ பதிப்புக்கு மாறத் தனியாகப் பணம் கட்ட நேர்ந்தது.

சேவை நிறுவனம் அமைத்துக் கொடுத்தது ஆக்டிவ் டைரக்டரி என்ற ஏற்பாடு. விண்டோஸ் 2000 சர்வரோடு வந்த இந்த முறைதான் இன்றும் பெரும்பாலான அலுவலகங்களில் இருக்கிறது. ஊழியரின் பெயரும் பாஸ்வேர்டும் அவருடைய கணினியில் இல்லாமல் சர்வரில் இருக்கும். எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அதே பெயரில் நுழையலாம். கட்டுப்பாடுகளை சர்வரில் ஓரிடத்தில் எழுதி வைத்தால், கணினிகள் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதோடு அரை மணி நேரம்வரை கூடுதலாக எடுத்துக்கொண்டு, தாமே வந்து படித்துச் செல்லும். ஒவ்வொரு ஆலைக்கும் ஆள் அனுப்பி ஒவ்வொரு கணினியாக மாற்றும் பழைய தொல்லை இதனால் ஒழிந்தது. கருங்கல்லிலும் அருமனையிலும் பிரிண்டரை மாற்றியபோது எங்கள் மேசையிலிருந்தே அமைப்பைச் செய்து முடித்தோம்.

முதல் நாள் மட்டும் மோசமாகப் போயிற்று. புதிய லாகினில் நுழையும்போது விண்டோஸ் அந்தப் பெயருக்குப் புதிய, காலியான முகப்புத்திரையை உருவாக்கும். பழைய பெயரில் வைத்திருந்த கோப்புகள் வன்தட்டில் பத்திரமாகவே இருக்கும், ஆனால் கண்ணில் படாது. இதை முன்கூட்டி யாருக்கும் யாரும் சொல்லவில்லை. பருப்பு அனுப்பும் பிரிவில் பதினோரு ஆண்டாக இருப்பவர், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் முகவரின் கடிதங்கள் எல்லாவற்றையும் திரையிலேயே வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருந்தவர், காலையில் வெறும் நீலத்திரையைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார். தூத்துக்குடிக்கு அன்று ஒரு கன்டெய்னர் புறப்பட வேண்டும். சேவை நிறுவனத்தின் இளைஞர் வந்து பழைய கோப்புறையைத் திறந்து காட்டும்வரை ஒரு மணி நேரம் அலுவலகமே கலங்கிப் போயிருந்தது. முந்தின நாள் மாலை பத்து நிமிடம் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசியிருந்தால் இது நேர்ந்திருக்காது. தொழில்நுட்பத்தில் தேர்ந்தவர்கள் மனிதர்களிடம் பேசுவதை வேலையின் பகுதியாக எண்ணாததை இந்தச் சேவையின் முதல் குறையாகச் சொல்வேன்.

கட்டுப்பாடுகளிலும் தொடக்கத்தில் அளவு மீறிப் போனார்கள். வேறு ஏதோ நிறுவனத்துக்குச் செய்த அமைப்பை அப்படியே எங்களுக்கும் போட்டுவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. கன்ட்ரோல் பேனல் மறைக்கப்பட்டது சரி. மென்பொருள் நிறுவும் உரிமை எடுக்கப்பட்டதும் சரி. வலப்பக்கச் சொடுக்கை முடக்கியதற்கும், திரையின் எழுத்தளவைப் பெரிதாக்க முடியாமல் செய்ததற்கும் என்ன காரணம் என்று அவர்களாலேயே சொல்ல முடியவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய கணக்கர்கள் நாள் முழுவதும் சிறிய எழுத்தைப் பார்த்துக் கண் வலிக்க வேண்டிய அவசியம் எந்தப் பாதுகாப்புக்கும் இல்லை. திரைப் படத்தையும் நிறுவனச் சின்னமாகப் பூட்டி வைத்திருந்தார்கள். “எனக்க பிள்ளைக்க படத்தைக்கூட வைக்கப்பிடாதா சார்?” என்று சம்பளப் பிரிவு அக்கா கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. பூட்டுத்திரையில் மட்டும் நிறுவனச் சின்னம் இருக்கட்டும், உள்ளே அவரவர் விருப்பம் என்று மாற்றச் சொன்னோம். ஒவ்வொரு தடைக்கும் எதிரே காரணத்தை எழுதச் சொன்னோம். காரணம் எழுத முடியாத தடைகளை நீக்கினோம். அந்தப் பட்டியல் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது.

தமிழ் தட்டச்சு தனி அத்தியாயம். தொழிலாளர் அறிவிப்புகள், ஊராட்சிக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் போகும் கடிதங்கள் எல்லாம் எங்களிடம் தமிழில்தான். ஒருவர் பாமினி எழுத்துருவில் அடிப்பார், இன்னொருவர் வானவில்லில், மற்றொருவர் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில். ஒருவர் அடித்த கடிதம் அடுத்தவர் திரையில் பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தெரியும். எழுத்துரு நிறுவும் உரிமையும் போன பிறகு, பழைய கோப்புகளைப் படிக்கவே முடியவில்லை. முடிவில் பழைய எழுத்துருக்களை எல்லாக் கணினிகளுக்கும் சர்வரிலிருந்தே படிக்க மட்டும் அனுப்பினோம். புதிய கடிதங்கள் யூனிகோடில்தான் என்று விதி செய்தோம். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருப்பதால் தனி மென்பொருள் தேவைப்படவில்லை. ஓர் இடறல் மட்டும் இருந்தது. சில கணினிகளில் லாகின் திரையிலும் தமிழ் விசைப்பலகை வந்துவிட, சரியான பாஸ்வேர்டை அடித்தும் தவறு என்று திரும்பியது. அடித்த எழுத்து புள்ளியாகத்தான் தெரியும் என்பதால் காரணம் பிடிபடவில்லை. லாகின் திரைக்கு ஆங்கில விசைப்பலகை மட்டும் என்று குரூப் பாலிசியில் போட்டதும் சரியாயிற்று. இதை இரண்டே நாளில் கண்டுபிடித்த அந்த இளைஞரைப் பாராட்ட வேண்டும்.

அவர் இன்னொன்றையும் முறையாகச் செய்தார். எடை மேடையோடு இணைந்த எங்கள் பழைய மென்பொருள், தான் நிறுவப்பட்ட கோப்புறைக்குள்ளேயே தரவை எழுதும். அட்மின் உரிமை இல்லாவிட்டால் ஓடாது. இப்படிப்பட்ட இடத்தில் பலர் அந்த ஊழியருக்கு அட்மின் உரிமையையே கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கட்டிய வேலியில் அந்த ஓர் ஓட்டை போதும். இவர் பொறுமையாக, அந்த மென்பொருள் எந்தக் கோப்புறையில் எழுதுகிறது என்று பார்த்து, அந்த ஒன்றுக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுத்தார். ஊழியர் சாதாரண யூசராகவே இருக்கிறார், எடை மேடையும் ஓடுகிறது.

பென்டிரைவ் பயன்படுத்தக் கூடாது என்று போட்ட தடையிலும் ஒரு சிக்கல் வந்தது. வருமான வரி, ஜிஎஸ்டி வேலைகளுக்கு நாங்கள் பயன்படுத்தும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பார்ப்பதற்குப் பென்டிரைவ் போலவே இருந்தாலும், கணினி அதைத் தரவு சேமிப்பானாகக் கருதுவதில்லை. ஆகவே தடை அதைப் பாதிக்காது என்றார்கள். ஆனால் அத்தகைய டோக்கன்கள் பல, முதன்முறை செருகும்போது தம்மை இயக்கும் மென்பொருளான டிரைவரை நிறுவுவதற்காக ஒரு சிடி போலத் தோன்றும். தடை அந்தச் சிடியைத் தடுத்துவிட்டது, டிரைவர் ஏறவில்லை, டோக்கனும் வேலை செய்யவில்லை. தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளுக்கு முந்தின மாலையில் இது நடந்தது. டோக்கன் பயன்படுத்தும் கணினிகளில் டிரைவரை முன்பே அட்மின் மூலம் நிறுவிவிட்டுப் பிறகு தடையைப் போடச் சொல்லுங்கள்.

பாஸ்வேர்டு கெடுவைப் பற்றி நாங்கள் நெடுநேரம் வாதிட வேண்டியிருந்தது. டொமைனின் இயல்பு அமைப்பில் பாஸ்வேர்டு 42 நாளில் காலாவதியாகும். அதை அப்படியே விட்டிருந்தார்கள். மூன்றாவது மாதத்தில் நான் விசைப்பலகைகளைத் தூக்கிப் பார்த்தபோது ஆறு விசைப்பலகைகளின் அடியில் துண்டுச்சீட்டு இருந்தது. ஒன்றில் பழைய பாஸ்வேர்டுகள் வரிசையாகக் கோடிட்டு அடிக்கப்பட்டு, கடைசியில் எண் மட்டும் ஒன்று கூடிக்கொண்டே வந்திருந்தது. அடிக்கடி மாற்றினால்தான் பாதுகாப்பு என்று சேவை நிறுவனத்தார் சாதித்தார்கள். மைக்ரோசாப்டே 2019இல் தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து இந்தக் காலக்கெடுவை நீக்கிவிட்டதைக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார்கள். இப்போது குறைந்தது 14 எழுத்து, அவரவர் மனத்தில் நிற்கும் ஒரு தமிழ்த் தொடரை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும், கசிந்ததாகச் சந்தேகம் வந்தால் மட்டும் மாற்ற வேண்டும். அதன் பிறகு துண்டுச்சீட்டு எதையும் நான் காணவில்லை.

இந்த ஏற்பாட்டின் முழு மதிப்பு எனக்குப் புரிந்தது ஐப்பசி மாத மாலை ஒன்றில். நம் மாவட்டத்தில் அந்த நாட்களின் இடி எப்படி இருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்த்தாண்டம் அலுவலகத்தில் சம்பளப் பிரிவுக் கணினி ஒன்று இடியில் போயிற்று; மின்கம்பி வழியாக அல்ல, நெட்வொர்க் கம்பி வழியாக. மறுநாள் சனிக்கிழமை, கூலி நாள். முன்பானால் வன்தட்டைக் கழற்றிக்கொண்டு நாகர்கோவிலுக்கு ஓடியிருப்போம். முகப்புத்திரையும் ஆவணக் கோப்புறையும் சர்வருக்குத் திருப்பப்பட்டிருந்ததால், அந்த அக்கா பக்கத்து மேசையில் உட்கார்ந்து தன் பெயரில் நுழைந்தார். பட்டியல்கள் வைத்த இடத்தில் இருந்தன. பிற்பகல் 3 மணிக்குக் கூலி வழக்கம்போல் கொடுத்து முடித்தோம். ஆலைகளில் இணைய வேகம் போதாததால் அங்கே இந்த வசதியைச் செய்யவில்லை. அவர்களுடைய கோப்புகள் இரவில் நகலெடுக்கப்படுகின்றன.

ஆலைக் கணினிகளில் வேறொரு பாடம் கிடைத்தது. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து கருங்கல் ஆலையில் கணினியைத் திறந்தபோது, நேரம் வேறுபடுகிறது என்று சொல்லி லாகின் மறுக்கப்பட்டது. தாய்ப்பலகையில் காசு வடிவில் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துபோய், கணினியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. சர்வருக்கும் கணினிக்கும் இடையே 5 நிமிடத்துக்கு மேல் நேர வேறுபாடு இருந்தால் டொமைன் லாகினை ஏற்காது. லாகினின்போது சர்வர் தரும் அனுமதிச்சீட்டைத் திருடிப் பிறகு மறுபடி நீட்டுவதைத் தடுக்கவே அந்த விதி. பேட்டரியை மாற்றியதும் சரியாயிற்று. இணைப்பே இல்லாத நேரத்தில் என்ன ஆகும் என்ற கேள்வி பலருக்கு இருக்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது பல நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தவர்கள் நாங்கள். ஆகவே முதலிலேயே கேட்டோம். அந்தக் கணினியில் முன்பு நுழைந்தவர்களின் விவரத்தை, இயல்பாகக் கடைசிப் பத்துப் பேர்வரை, விண்டோஸ் நினைவில் வைத்துக்கொள்வதால், சர்வர் எட்டாவிட்டாலும் அவர்கள் நுழையலாம். ஜெனரேட்டரில் ஒரு கணினியை ஓட்டினாலும் வேலை நடக்கும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸ் சர்வரை வாங்கினால் போதாது. அதை அணுகும் ஒவ்வொரு பயனருக்கோ ஒவ்வொரு கருவிக்கோ தனி உரிமம் வாங்க வேண்டும். முதல் விலைப்புள்ளியில் இது இல்லை. 25 பயனர்வரை தனி உரிமம் கேட்காத எசென்ஷியல்ஸ் பதிப்பு ஒன்று உண்டு. நாங்கள் 31 பேர் என்பதால் அது பொருந்தவில்லை. ஆட்களைவிடக் கணினிகள் குறைவாக இருந்ததால் கருவிக்கான உரிமம் 26 வாங்கினோம். சாம்பா என்ற இலவச மென்பொருளைக் கொண்டும் டொமைன் அமைக்கலாம். அதைப் பராமரிக்கத் தெரிந்தவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நல்ல வழி. நான்கைந்து கணினிகள் மட்டும் உள்ள கடைகளுக்கு இவ்வளவும் வேண்டாம். புரோ பதிப்பில் ஒவ்வொருவருக்கும் சாதாரண யூசர் கணக்கு, அட்மின் பாஸ்வேர்டு முதலாளியிடம் என்று வைத்துக்கொண்டாலே பெரும்பாலான தொல்லை தீரும்.

இந்தச் சேவையில் என்னால் ஏற்கமுடியாத குறை, சாவியைக் கொடுக்காததுதான். டொமைனின் தலைமை அட்மின் பாஸ்வேர்டு ஐந்து மாதம் அவர்களிடம் மட்டுமே இருந்தது. “உங்களுக்கு எதுக்கு சார், நாங்க இருக்கோம்லா” என்றார்கள். நாளைக்கு அந்த நிறுவனம் மூடப்பட்டாலோ, அந்த இளைஞர் வெளிநாடு போனாலோ எங்கள் அலுவலகத்துக்குள் நாங்களே நுழைய முடியாது. எழுத்து மூலம் கேட்ட பிறகு உறையிலிட்டுக் கொடுத்தார்கள். அது இப்போது இரும்புப்பெட்டியில் இருக்கிறது. எல்லாக் கணினிகளிலும் உள்ளூர் அட்மினுக்கு ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்ததும் தவறு. ஒன்று தெரிந்தால் இருபத்தாறும் திறக்கும். ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டைத் தானே உருவாக்கி மாற்றும் லாப்ஸ் என்ற வசதி 2023 ஏப்ரல் முதல் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, தனி விலையும் இல்லை. நாங்கள் படித்துச் சொன்ன பிறகு ஒரே பிற்பகலில் அமைத்துவிட்டார்கள். அவ்வளவு எளிதான வேலையை முதலிலேயே செய்யாமல் விட்டதுதான் எனக்கு வருத்தம்.

அழைத்தால் வருவதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மார்த்தாண்டத்துக்கு அன்றே வந்துவிடுகிறார்கள், அருமனைக்கு மறுநாள். தொலைவிலிருந்து திரையைப் பார்த்துச் சரிசெய்யும்போது ஊழியரின் ஒப்புதல் கேட்டபிறகே நுழைகிறார்கள். இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

ஆண்டு ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பித்திருக்கிறோம். இம்முறை இரண்டு நிபந்தனைகளை எழுதிச் சேர்த்தோம். இப்போதுள்ள ஒற்றை சர்வர் படுத்துவிட்டால் எல்லாம் நிற்கும் என்பதால், வரும் ஆனி மழைக்கு முன் புதுக்கடை ஆலையில் இரண்டாவது டொமைன் சர்வர் ஓட வேண்டும். செய்த ஒவ்வோர் அமைப்பும் தமிழில் எழுதப்பட்ட ஒரு கையேடாக எங்களிடம் வர வேண்டும். அதில் முதல் இருபது பக்கம் வந்திருக்கிறது, அந்த இளம்பெண்தான் எங்கள் தரப்பில் அதைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்.